பீரோ ஓரத்தில் யார் படுப்பார்கள்?

"சார், இந்தப் பக்கம் யாராவது படுப்பாங்களா?"

1994ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், எங்கள் வீட்டுப் பெரிய அறையின் நடுவில் நின்றுகொண்டு வெந்நீர்க் குழாய் பதிக்க வந்த தொக்மான் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவன் கையில் குழாய்ச் சுருள் இருந்தது, என் கையில் செய்தித்தாள். நான் தலை நிமிராமலே பதில் சொன்னேன். முப்பத்தொன்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவன் நான். பிள்ளைகள் கேட்ட எத்தனையோ கேள்விகளுக்கு, "பொறு, வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு கேள்விக்கும் அப்படிச் சொல்லியிருக்கலாம்.

எங்கள் ஜேச்சொன் நகரம் குளிருக்குப் பேர் போனது. பழைய வீடுகளில் சமையலறை அடுப்பின் சூடு அறைத் தரைக்கு அடியிலுள்ள கற்களுக்குள் ஓடி, மறு கோடியில் புகையாக வெளியேறும். அதனால் அடுப்போரம் சுடும், மறு கோடியான மேலோரம் சில்லிட்டுக் கிடக்கும். யார் எங்கே படுப்பது என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறந்ததிலிருந்தே தெரியும்.

கீழே உள்ளவை நானும் என் தங்கை ஓக்பூனும் எழுதிக்கொண்ட கடிதங்கள். அவள் 1968இல் ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள். அவள் சம்மதத்தோடுதான் வெளியிடுகிறேன். ஊர்க்கதைகளை மட்டும் நீக்கியிருக்கிறேன்.

*

ஜேச்சொன், 1994 ஏப்ரல் 9

அன்புத் தங்கை ஓக்பூனுக்கு,

மதில் ஓரத்து மஞ்சள் பூக்கள் மலர்ந்துவிட்டன. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் படி ஏறச் சிரமம் என்று எழுதியிருந்தாய். இங்கே எனக்கும் உன் அண்ணிக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. வீட்டிலேயே இருப்பதால் புதிதாகப் பல விஷயங்கள் தெரிய வருகின்றன. அடுப்பில் எரியும் துளைக்கரிக் கட்டியை நாளைக்கு மூன்று தடவை மாற்ற வேண்டும் என்பது அதில் ஒன்று. நான் வியந்துபோய்ச் சொன்னதும் உன் அண்ணி என்ன சொன்னாள் தெரியுமா? "முப்பத்தஞ்சு வருஷமா நான்தான் மாத்துறேன். இந்த வீட்ல நெருப்பு தானா எரியலைங்கிறது வாத்தியாருக்கு இப்பத்தான் தெரிய வந்திருக்கு." கில்ரேயின் வாய் உனக்குத் தெரியுமே.

இந்தக் குளிர்காலத்தில் பின் தெருவில் ஒரு தம்பதிக்கு அடுப்பிலிருந்து கசிந்த நச்சுக் கரிவாயு அடித்துவிட்டது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்கள். அன்றே முடிவு செய்தேன். தரையைத் தோண்டிக் கற்களை எடுத்துவிட்டு, வெந்நீர்க் குழாய் பதித்து, எண்ணெய் பாய்லர் வைக்கப் போகிறோம். இந்த வருடம் பெரிய அறை, அடுத்த வருடம் சின்ன அறை.

இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. உனக்கும் ஐம்பத்தேழு ஆகிவிட்டது. அங்கே தனியாக இருந்தது போதும். வந்துவிடு. நாம் எல்லோரும் படுத்து வளர்ந்த அந்தப் பெரிய அறையை உனக்கே கொடுத்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அண்ணன் சாங்முக்

*

எஸ்ஸென், 1994 மே 6

மதிப்பிற்குரிய அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் சுகம் என்று படித்ததும் மனம் லேசானது. என் முழங்கால் மழை வந்தால் வலிக்கும், வெயில் வந்தால் மறந்துவிடும். இங்கே வெயில்தான் வருவதில்லை.

குழாய் பதிக்கும் செய்தி வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தரையில் உட்கார்ந்தே சாப்பிட்டேன். இந்த ஊரில் சூடு சுவரில் மாட்டிய இரும்புப் பெட்டியிலிருந்து வருகிறது. சுவர் கொதிக்கும், தரை ஐஸாக இருக்கும். இவர்களுக்குக் காலே கிடையாதோ என்று இருபத்தாறு வருடமாக யோசிக்கிறேன். ஒருநாள் நான் அந்தப் பெட்டியில் முதுகை வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு என்னோடு வேலை செய்கிற ஹெல்கா, "ஐயோ, விழுந்துட்டியா? எங்க அடிபட்டுது?" என்று ஓடி வந்தாள். "விழல, உக்காந்திருக்கேன்" என்றால் நம்பவில்லை. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அண்ணா, மருத்துவமனையில் ஆள் குறைக்கிறார்கள். என் வயதுக்காரர்கள் விரும்பினால் முன்கூட்டியே ஓய்வூதியத்தோடு போகலாம். அடுத்த மார்ச் மாத முடிவுக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அறுபது வரை வேலை. எங்கே போவது என்று தெரியாமல் இருந்தேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில் வந்தது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குழாய் அறை முழுக்க ஓடுமா?

அண்ணியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.
ஓக்பூன்

*

ஜேச்சொன், 1994 ஜூன் 18

அன்புத் தங்கைக்கு,

நெல் நடவு முடிந்து ஊர் முழுக்கத் தவளைச் சத்தம். உன் முழங்காலுக்கு இங்கிருந்து மூலிகைப் பட்டை அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததா?

நீ கேட்டதற்குப் பதில்: முழுக்க ஓடும். மூலை முடுக்கெல்லாம் ஓடும். ஆட்டுக்குடலைப் பார்த்திருக்கிறாயே, அதுபோல மடங்கி மடங்கி அறையை நிறைக்கும். ஒரு ஜாண் இடம்கூட விடாது.

வேலைக்கு வந்திருப்பவன் பாங் தொக்மான். என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவன். வாய்ப்பாடு சொல்லாததற்காக ஒரு மாதம் அவனை வகுப்பு மூலையில் நிற்க வைத்தேனாம். எனக்கு ஞாபகமில்லை. அவனுக்கு இருக்கிறது. கடப்பாரையைத் தரையில் இறக்கும்போதெல்லாம், "ஏழெட்டு அம்பத்தாறு! ஏழொம்பது அறுபத்து மூணு!" என்று கத்துகிறான். "டேய், தரையை உடைக்கிறியா, என்னைப் பழிவாங்கறியா?" என்றேன். "ரெண்டும்தான் சார். ஒரே கூலி" என்கிறான். உன் அண்ணி சிரித்துச் சிரித்து நூடுல்ஸ் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள்.

நேற்று கற்களை எல்லாம் வெளியே எடுத்தான். ஒரு வேடிக்கை. அடுப்போரத்துக் கற்கள் கரிப்பிடித்து, வெடித்து, தொட்டால் உதிர்கின்றன. நடுவில் இருந்தவை சாம்பல் நிறம். மேலோரத்துக் கற்கள் மட்டும் நேற்று ஆற்றிலிருந்து எடுத்து வந்தவை போலச் சுத்தமாக இருக்கின்றன. அறுபது வருடம் தரைக்கு அடியில் கிடந்த கற்கள்! தொக்மான் ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், இது இன்னும் வேலையே பாக்கலை" என்றான்.

நாளை மறுநாள் குழாய் பதிக்கிறான். மழைக்காலத்துக்கு முன் சிமெண்ட் போட்டுவிடுவோம்.

நேரத்துக்குச் சாப்பிடு.
அண்ணன்

*

எஸ்ஸென், 1994 ஜூலை 15

அண்ணாவுக்கு,

மூலிகைப் பட்டை வந்தது. வேக வைத்தபோது மாடி முழுக்க நம் ஊர் வைத்தியர் கடை வாசனை. மேல் வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டி, என்ன எரிகிறது என்று கேட்டாள். உங்களுக்கும் அண்ணிக்கும் வெயில் ஒத்துக்கொள்கிறதா?

மேலோரத்துக் கற்கள் சுத்தமாக இருந்தது எனக்கு வேடிக்கையாகத் தோன்றவில்லை. நான் அவற்றின் மேல்தானே படுத்திருந்தேன். எனக்கும் சுவருக்கும் நடுவில் சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கூடை இருக்கும், நினைவிருக்கிறதா? தலைமாட்டில் குடிக்க வைத்த கிண்ணத்துத் தண்ணீர் காலையில் உறைந்திருக்கும். அதை விரலால் குத்தி உடைத்துச் சப்புவேன். மற்ற பெண்களுக்கெல்லாம் தை மாதத்தில் ஐஸ் மிட்டாய் கிடைக்காது, எனக்குக் கிடைத்தது.

அண்ணா, அந்தச் சுத்தமான கற்களில் கையளவு ஒன்றை எனக்காக எடுத்து வையுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள்.

ஓக்பூன்

*

ஜேச்சொன், 1994 செப்டம்பர் 25

அன்புத் தங்கைக்கு,

அறுவடை நிலா வந்து போயிற்று. அப்பா அம்மா கல்லறையில் உன் பங்குக்கும் சேர்த்து வணங்கினேன். முழங்கால் தேவலையா?

முதலில் ஒரு வருத்தம். உன் கடிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே லாரி வந்து கற்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஏதோ சாலைக்கு அடியில் போட்டுவிட்டார்களாம். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மற்றபடி எல்லாம் நல்லபடி முடிந்தது. சரளை பரப்பி, குழாய் பதித்து, சிமெண்ட் பூசி, மேலே மஞ்சள் விரிப்பு ஒட்டியாயிற்று. முந்தாநாள் முதல் தடவையாக பாய்லரை ஓட்டினோம். நான் என் வழக்கமான இடத்தில் போய்ப் படுத்தேன். அரை மணியில் முதுகு இளகிவிட்டது. ஒரு துளி கரி இல்லை, புகை இல்லை. உன் அண்ணி சுவரிலிருக்கும் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்கிறாள். "இந்தப் பொத்தானைத் தேடியா இத்தனை வருஷம் கொல்லைக்கும் அடுப்புக்கும் நடந்தேன்" என்கிறாள்.

ஓக்பூன், இனி இந்த வீட்டில் அடுப்போரமும் கிடையாது, மேலோரமும் கிடையாது. எல்லாம் ஒன்று. எங்கே வேண்டுமானாலும் விரித்துப் படு. இந்த ஒரு வரியை எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன்.

எப்போது வருகிறாய்?
அண்ணன்

*

எஸ்ஸென், 1994 டிசம்பர் 10

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. அங்கே குளிர்காலத்து ஊறுகாய் ஜாடிகளை மண்ணில் புதைத்து முடித்திருப்பீர்கள். அண்ணியின் இடுப்பு எப்படி இருக்கிறது?

விடுமுறை கிடைத்துவிட்டது. ஜனவரி 25 வந்து சேர்கிறேன். மாத முடிவில் வரும் சந்திரப் புத்தாண்டுக்கு உங்களோடு இருப்பேன். பதினோரு நாள்.

எனக்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டாம். அந்த அறையில் ஒரு மெத்தை போதும்.

மற்றது நேரில்.
ஓக்பூன்

*

ஜேச்சொன், 1995 பிப்ரவரி 20

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த தந்தி வந்தது. நீ போனபிறகு வீடு அளவுக்கு மீறிப் பெரிதாகிவிட்டது. உன் செருப்பை வாசல் திண்டுக்குக் கீழே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். உன் அண்ணி அதைத் துடைத்து அங்கேயே வைத்திருக்கிறாள். "திரும்பி வர்றவங்க செருப்பை எதுக்கு எடுத்து உள்ள வைக்கணும்?" என்கிறாள்.

சின்ன அறை வேலை முடியாததால் மூன்று பேரும் ஒரே அறையில் படுக்க நேர்ந்ததும் நல்லதற்குத்தான். முதல் நாள் நீ மெத்தைகளை விரித்த அழகை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். எனக்கு அடுப்போரம், அண்ணிக்கு நடு, உனக்கு பழைய மேலோரத்தில் பீரோ ஓரம். "விருந்தாளி நீ, இந்தப் பக்கம் வா" என்றேன். "எல்லாம் ஒண்ணுன்னு நீங்கதானே அண்ணா எழுதினீங்க. எங்க படுத்தா என்ன?" என்று சிரித்தாய். அதுவும் சரிதான் என்று படுத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கம்பளிக் காலுறையும் கோட்டும் போட்டுக்கொண்டு தூங்குகிறாயே, அது ஜெர்மனிப் பழக்கம்போல. இங்கே வந்து நிரந்தரமாக இருந்தால் ஒரே மாதத்தில் விட்டுப்போகும். புத்தாண்டு அரிசிக்கேக் சூப்பை இரண்டு கிண்ணம் குடித்தாய், அதில் எனக்குத் திருப்தி.

மார்ச் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா? நல்ல செய்திக்குக் காத்திருக்கிறோம்.

முழங்காலைக் கவனித்துக்கொள்.
அண்ணன்

*

எஸ்ஸென், 1995 ஏப்ரல் 2

அண்ணாவுக்கு,

சுகம். அங்கும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

யோசித்துப் பார்த்தேன். அறுபது வரை வேலையிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டேன். ஆட்கள் போய்விட்டதால் என் பிரிவில் நர்ஸ்கள் போதவில்லை.

அறை மிகவும் நன்றாக இருந்தது. அண்ணிக்கு என் நன்றி. அந்தச் செருப்பை அண்ணியே போட்டுக்கொள்ளட்டும்.

ஓக்பூன்

*

ஜேச்சொன், 1995 டிசம்பர் 3

ஓக்பூன்,

உன் கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் எழுதவில்லை. உன் மேல் எனக்குக் கோபம். வீட்டையே மாற்றிக் கட்டினேன், மறுத்துவிட்டாளே என்ற கோபம். இப்போது அந்தக் கோபம் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் உன் அண்ணி சொங்குக்ஜாங் போட்டாள். அவித்த சோயாவைக் கூடையில் வைத்து, போர்வை சுற்றி, மூன்று நாள் நொதிக்க வைக்க வேண்டும் அல்லவா? அம்மா எப்போதும் அடுப்போரத்தில்தான் வைப்பார். அந்த நாற்றம் என் தலைமாட்டில் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், "இப்போ எல்லா இடமும் ஒண்ணுதானே, பீரோ ஓரத்துல வை." வைத்தாள். மூன்றாம் நாள் பிரித்தாள். நான்காம் நாள் பிரித்தாள். பிசின் நூல் விடவில்லை, வாசனையும் வரவில்லை. வைத்தது வைத்தபடி அவித்த சோயா. கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "என்னங்க, இந்த இடத்துல சோயாவே பிழைக்கலையே. உங்க தங்கச்சி பதினோரு நாள் படுத்திருந்தா."

நான் குனிந்து கையை வைத்துப் பார்த்தேன். பிறகு பள்ளியிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வெப்பமானியை எடுத்துத் தரையில் வைத்து, மேலே துணி போட்டு மூடி அளந்தேன். அடுப்போரம் முப்பத்தாறு. நடுவில் முப்பத்தொன்று. பீரோ ஓரம் பத்தொன்பது.

தொக்மானைக் கூப்பிட்டு, "என்னடா வேலை பார்த்திருக்கே?" என்று கத்தினேன். அவன் என்னையே பார்த்தான். "நீங்கதானே சார் சொன்னீங்க" என்றான். அப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது. அப்போது உனக்கு எழுதிய கடிதங்களில் இதை விட்டுவிட்டேன். மறைக்கவில்லை. எழுதவேண்டிய விஷயமாகவே அது எனக்குப் படவில்லை. அதுதான் மோசம்.

அவன் கேட்டான்: "சார், இந்தப் பக்கம் யாராவது படுப்பாங்களா? கடைசிச் சுத்துக்கு வர்றப்போ தண்ணி ஆறிப்போயிடும். படுப்பாங்கன்னா குழாயை நெருக்கி விடுறேன். இல்லேன்னா இடைவெளியை அகலமா விட்டுடலாம்."

நான் சொன்னேன்: "அது பீரோ நிக்கிற இடம்டா. அங்க யார் படுக்கப் போறா?"

உனக்காகப் போட்ட தரை, ஓக்பூன். உனக்கு மூலை முடுக்கெல்லாம் ஓடும் என்று எழுதி அப்போது இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சின்ன வயதில் அந்த இடத்தில்தான் நீ படுத்தாய் என்பது எனக்குத் தெரியும். இருந்தும் அந்தக் கேள்விக்கு உன் பெயர் என் நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இப்போது எழுதாவிட்டால் எப்போதும் எழுத மாட்டேன்.

நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் பரீட்சை எழுதிய குளிர்காலம். உனக்கு எட்டு வயது, கடும் காய்ச்சல். நீ மேலோரத்திலிருந்து ஊர்ந்து வந்து என் காலைத் தொட்டு, "அண்ணா, கொஞ்சம் நகருங்க, இங்க குளிருது" என்றாய். அம்மா, "அண்ணனுக்கு நாளன்னைக்குப் பரீட்சை, எழுப்பாதே" என்று உன்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இடத்திலேயே கிடத்தினார். மூன்றாம் நாள் உன் இடது காதிலிருந்து சீழ் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் காது கேட்கவில்லை.

நான் தூங்கவில்லை, ஓக்பூன். விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

வசந்தம் வந்ததும் அந்த ஓரத்தை உடைத்து, குழாயை நெருக்கிப் போடச் சொல்கிறேன்.

அண்ணன்

*

எஸ்ஸென், 1996 ஜனவரி 14

அண்ணாவுக்கு,

புது வருடம் பிறந்துவிட்டது. உங்களுக்கும் அண்ணிக்கும் நல்ல உடம்பு வாய்க்கட்டும்.

கடிதத்தைப் பல தடவை படித்தேன். நீங்கள் விழித்திருந்தது எனக்குத் தெரியும். தூங்குகிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். எட்டு வயதில் காரணம் சொல்லத் தெரியவில்லை. நர்ஸான பிறகு ஆயிரம் பேர் தூங்குவதைப் பார்த்தேன், அப்போது உறுதியாயிற்று. நான் ஊரை விட்டு வந்ததிலிருந்து ஒவ்வொரு கடிதத்திலும் என் முழங்காலை விசாரித்தீர்கள், மூலிகை அனுப்பினீர்கள். காதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அதிலேயே உங்களுக்கும் தெரியும் என்று புரிந்துகொண்டேன். ஜெர்மனிக்கு வருமுன் உடம்புச் சோதனையில் கோழிபோலத் தலையைத் திருப்பித் திருப்பி வலது காதைக் காட்டித் தப்பித்தேன். இதை அப்போதே எழுதியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். எழுதவில்லை.

என் தப்பையும் சொல்ல வேண்டும். விமானத்தில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். பழைய இடத்தில் படுப்பேன், அங்கே சூடாக இருந்தால் வந்துவிடுவேன் என்று. உங்களிடம் சொல்லாமல் உங்களைச் சோதித்தேன். முதல் நாளே தரையில் கை வைத்தேன். குழாய்த் தண்ணீருக்குக்கூட இந்த வீட்டில் என் இடம் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கோட்டைப் போட்டுக்கொண்டேன். நான்காம் நாள் அண்ணி ஒன்றும் கேட்காமல் எனக்கு அடியில் இன்னொரு மெத்தை விரித்தார். அன்றைக்காவது, "அண்ணா, இங்கே குளிருது" என்று சொல்லியிருக்கலாம். நீங்கள் பதறி எழுந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு தடவை சொல்லிப் பார்த்தவள் நான். இரண்டாவது தடவை வாய் வரவில்லை.

அறுபது வந்தால் பார்க்கலாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் வேண்டாம். இங்கேயே இருந்துவிடுகிறேன். என் கீழ் வீட்டுக்காரர் குளிர் தாங்காதவர், வீட்டை நன்றாகச் சூடாக்குவார். அவர் கூரைதானே என் தரை. என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் என் கால் சுடுகிறது.

தரையை உடைக்க வேண்டாம். உடைத்துச் சரி செய்துவிட்டால் இரண்டு பேருமே மறந்துவிடுவோம். நீங்கள் எதையும் செய்து பார்த்துப் பாடம் சொல்பவர். அதனால் இதைக் கேட்கிறேன். இந்தக் குளிர்காலம் முடிகிறவரை நீங்கள் அங்கே படுங்கள். தண்டனையாகச் சொல்லவில்லை. எனக்கு அந்த இடத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் வேண்டும்.

இடது காது அப்படியேதான் இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி.

ஓக்பூன்

*

ஜேச்சொன், 1996 ஜனவரி 29

ஓக்பூன்,

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. உன் காது எப்படி இருக்கிறது?

நேற்றிலிருந்து பீரோ ஓரத்தில் படுக்கிறேன். முதலில் குளிர்வது தோளோ காலோ இல்லை. இடுப்பு எலும்பு. பிறகு தரையில் படும் பக்கத்துக் காது. சரிதானா?

அண்ணன்

*

இதற்குப் பிறகும் எழுதிக்கொள்கிறோம். அவள் 1997இல் ஓய்வு பெற்று எஸ்ஸெனிலேயே இருக்கிறாள். அந்த இடத்தைப் பற்றி நாங்கள் நிறையப் பேசிவிட்டோம்: கதவிடுக்குக் காற்று எந்த நேரத்தில் வரும், எந்தப் பக்கமாக ஒருக்களித்தால் தாங்கலாம் என்றெல்லாம். இது எனக்கு அங்கே நான்காவது குளிர்காலம். தொக்மான் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வந்து, "சார், ஒரே நாள் வேலை, உடைச்சுப் போட்டுடட்டுமா?" என்று கேட்கிறான். இப்போதெல்லாம் அவன் எது கேட்டாலும் செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, எழுந்து நின்று அறையை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும், "வேண்டாம்" என்று சொல்லி அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்புகிறேன்.

செருப்பு இன்னும் திண்டுக்குக் கீழேதான் இருக்கிறது. கில்ரே அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் படுத்தபிறகு மிச்சமிருக்கும் இடத்தில் படுப்பவர் யார் என்று பார்த்து, இன்று ஒரு ராத்திரி அவரை உங்கள் இடத்தில் படுக்கச் சொல்லிவிட்டு, அவர் இடத்தில் விடியும்வரை நீங்கள் படுத்துப் பாருங்கள்.